காவல் மணியும் அதன் கம்பிகளும்



இன்றைய பேச்சுக்கு யான் எடுத்துக்கொண்ட பொருள் காவல் மணி. வீடு, கடை, பள்ளி, பண்டகசாலை முதலிய இடங்களில் திருடனோ தீயோ புகுந்தால், தானே ஒலித்து நம்மை எழுப்பும் மின்சாரக் காவலையே இப்பெயரால் குறிக்கின்றேன். 'அலாரம்' என்று எல்லோரும் வழங்குவது அதுவே. அதிலும் சிறப்பாக, முன்னரே பொருத்தப்பட்ட ஒரு காவல் மணியைப் புதிய அறைகளுக்கும் புதிய கட்டடங்களுக்கும் விரிக்கும்பொழுது கவனிக்க வேண்டியவை யாவை என்பதைச் சொல்ல விரும்புகின்றேன்.

கலைப் பட்டதாரி ஒருவர் மின்கம்பிகளைப் பற்றிப் பேசலாமோ என்று நீங்கள் கேட்கக்கூடும். பேசலாம் என்பதே என் எண்ணம். பள்ளி அதிபர் ஒருவரின் பொறுப்பிலே இன்று கணினி அறை இருக்கின்றது, விஞ்ஞானகூடம் இருக்கின்றது, பரீட்சைப் பத்திரங்கள் வைத்த அலுமாரி இருக்கின்றது, சில பள்ளிகளில் பிள்ளைகள் உறங்கும் விடுதியும் இருக்கின்றது. கம்பி இழுப்பவர் தொழிலாளர். ஆனால் இழுத்த கம்பி சரியா என்று கேட்க வேண்டியவர் பொறுப்பாளர். கேட்கத் தெரிவதற்கு வேண்டிய அளவு அறிவே இங்கு யான் கூறப்போவது.

திருகோணமலை காவலுக்குப் பேர்போன ஊர். ஆழமிக்க இயற்கைத் துறைமுகம் இங்கே அமைந்திருத்தலின், அதனைக் காக்கவென்றே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கோட்டைகளைக் கட்டியும் கைப்பற்றியும் வந்தனர். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில் நிற்கும் பிரெட்றிக் கோட்டையும், துறைமுக வாயிலை நோக்கி நிற்கும் ஒஸ்தன்பேர்க் கோட்டையும் அதற்குச் சான்று. அக்காலத்துக் காவல் மனிதரின் கண்ணாலும் காதாலும் நடந்தது.

துறைமுகத்தை விட்டு மாவட்டத்தின் உட்புறம் சென்றால், வேறொரு காவலைக் காணலாம். யானை வரும் காட்டோரத்துப் பயிர்நிலங்களில், வெறுந் தகரப் பேணிகளையும் போத்தல்களையும் கயிற்றிலே கோத்து வேலி நெடுகக் கட்டிவைப்பார்கள். யானை கயிற்றைத் தொட்டால் பேணிகள் கலகலவென்று ஒலிக்கும். பரணில் இருப்பவர் விழித்துக்கொள்வார். எளிய ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கயிறு எங்கோ ஓரிடத்தில் இற்று அறுந்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேணி ஒலிக்காது. ஒலிக்கவில்லை, ஆகவே யானை வரவில்லை என்று பரணில் இருப்பவர் நிம்மதியாக உறங்குவார்.

ஆகவே நேயர்களே, ஒலியின்மைக்கு இரண்டு பொருள்கள் உள. ஆபத்து இல்லை என்பது ஒன்று. ஆபத்தைச் சொல்ல வேண்டிய கயிறே அறுந்துபோயிற்று என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வேறு பிரித்து நமக்கு அறிவிப்பதே உண்மையான காவல். என் பேச்சின் சாரம் இவ்வளவே. எஞ்சியவை அதன் விளக்கம்.

மின்சாரக் காவல் மணிக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரசல் போப் என்பவர் 1853ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளின் பின் எட்வின் ஹோம்ஸ் என்பவர் அவ்வுரிமையை வாங்கிப் பெருந்தொழிலாக வளர்த்தார். போப்பின் அமைப்பிலே கதவு மூடியிருக்கும்வரை மின்சாரம் ஓடாது. கதவு திறந்தால் சுற்று இணைந்து மணி அடிக்கும். இது நம் பேணிக் கயிற்றைப் போன்றதே. கம்பி அறுந்தால் மணி அடிக்காது. அடிக்காது என்பதை அறிவிக்கவும் ஒருவரும் இல்லை.

பின் வந்தவர்கள் இதனைத் தலைகீழாக மாற்றினார்கள். எந்நேரமும் ஒரு சிறு மின்னோட்டம் கம்பியிலே ஓடிக்கொண்டிருக்கட்டும். அது நின்றால் மணி அடிக்கட்டும் என்றார்கள். இன்று கதவுகளில் பொருத்தும் காந்த உணரி இவ்வகையினது. சிறு கண்ணாடிக் குழாயினுள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். கதவிலே ஒரு காந்தம் இருக்கும். கதவு மூடியிருக்கையில் காந்தத்தின் ஈர்ப்பால் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், மின்னோட்டம் ஓடும். கதவு திறந்து காந்தம் விலகியவுடன் தகடுகள் பிரியும், ஓட்டம் நிற்கும், மணி ஒலிக்கும். மனித உடலின் வெப்பத்தை உணரும் கருவிகளும் பெரும்பாலும் இவ்வாறே சுற்றைத் துண்டித்துச் செய்தி சொல்வன. இம்முறையில் கம்பியை அறுத்தாலும் ஓட்டம் நிற்கும். ஆதலின் அறுத்தவர் அகப்படுவார்.

இதனோடு சிக்கல் தீர்ந்ததோ எனின், தீரவில்லை. கம்பியை அறுப்பதற்குப் பதிலாக, இரண்டு கம்பிகளின் மேலுறையையும் சீவி ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? கதவு திறந்தாலென்ன, மூடினாலென்ன, மின்சாரம் குறுக்கு வழியில் ஓடிக்கொண்டே இருக்கும். தலைமைப் பெட்டி எல்லாம் நலம் என்றே கருதும். இதனைத் திருடன் இரவில் வந்து செய்யவேண்டும் என்பதில்லை. மணி ஓய்ந்திருக்கும் பகல் நேரத்தில், உள்ளே வந்துபோகும் எவரும் செய்யலாம். எவரும் செய்யாமலே எலி கடித்தும், ஆணி அறைந்தும், உப்புக்காற்றின் ஈரம் ஊறியும் அவ்வாறு நேரலாம். கடலோரத்து ஊர்களில் வாழும் நமக்கு உப்புக்காற்றின் வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு மருந்தாக அமைந்ததே ஈற்றுத் தடை. கம்பியின் கடைசி முனையில், அதாவது உணரியின் உள்ளே, ஒரு சிறு மின்தடையைச் சேர்ப்பார்கள். அதன் அளவு 2,200 ஓம் ஆகலாம், 5,600 ஓம் ஆகலாம். பெட்டியைச் செய்தவர் குறித்த அளவே கொள்ளவேண்டும். தலைமைப் பெட்டி மின்சாரம் ஓடுகின்றதா என்று மட்டும் பாராமல், எவ்வளவு தடையின் ஊடாக ஓடுகின்றது என்றும் அளந்துகொண்டே இருக்கும். 5,600 ஓம் இருந்தால் நலம். தடை எல்லையின்றி உயர்ந்தால், கதவு திறந்தது அல்லது கம்பி அறுந்தது. தடை பூச்சியமானால் இடையிலே கம்பிகள் ஒட்டிக்கொண்டன. தமிழ் கற்பிக்கும் எனக்கு இஃது இலக்கணத்தை நினைவூட்டுகின்றது. சொல்லின் ஈற்றெழுத்தைப் பார்த்தே புணர்ச்சி விதியைச் சொல்கின்றோம். கம்பியின் ஈற்றைப் பார்த்தே அதன் நலத்தைச் சொல்கின்றார்கள்.

ஆனால் அந்தத் தடை உண்மையிலே ஈற்றில் இருக்கவேண்டும். இங்கேதான் பலவிடத்தும் தவறு நேர்கின்றது. ஏணி வைத்து ஏறி, ஒவ்வோர் உணரியையும் திறந்து, உள்ளே தடையைப் பொருத்துவது உழைப்பு. தலைமைப் பெட்டியினுள்ளே வரிசையாக எல்லாத் தடைகளையும் முறுக்கிவிடுவது இலேசு. இரண்டிலும் மணி ஒலிக்கும். இரண்டிலும் விளக்கு எரியும். பார்ப்பவருக்கு வேற்றுமை தெரியாது. எனினும் தடை பெட்டிக்குள்ளே இருந்தால், வெளியே கம்பிகள் ஒட்டிக்கொண்டதைப் பெட்டியால் ஒருநாளும் அறியவியலாது. யான் அறிந்த ஒரு பள்ளியில் பெட்டியைத் திறந்து பார்த்தபொழுது, எட்டுத் தடைகளும் எட்டுத் திருகாணிகளின் கீழே அழகாக அடுக்கியிருந்தன. அங்கே பணம் கொடுத்து வாங்கியது காவல் அன்று, காவலின் தோற்றம்.

இன்னும் நுட்பமாகச் செய்ய விரும்புவோர் ஒவ்வோர் உணரியிலும் இரண்டு தடைகளை வைப்பார்கள். சான்றாக, இரண்டும் 5,600 ஓம் எனக் கொள்வோம். அமைதியாக இருக்கையில் பெட்டி 5,600 காணும். உணரி ஆளைக் கண்டால் இரண்டாந் தடையும் சேர்ந்து 11,200 ஆகும். கம்பி அறுந்தால் எல்லையற்ற தடை; ஒட்டிக்கொண்டால் பூச்சியம். ஆகவே 'ஆள் வந்தார்' என்பதும் 'கம்பி கெட்டது' என்பதும் வெவ்வேறு செய்திகளாக வந்து சேரும். முன்னே கூறிய இரு பொருள்களும் இப்பொழுது பிரிந்துவிட்டன அல்லவா?

இனி, விரிவுப் பலகைக்கு வருவோம். எக்ஸ்பாண்டர் என்று கடைக்காரர் சொல்வது இதனையே. கல்வித் திணைக்களத்தார் பள்ளிகளை வலயங்களாகப் பிரித்திருப்பது போல, காவல் மணியும் ஓரிடத்தை வலயங்களாகப் பிரித்தே பார்க்கும். முன்கதவு ஒரு வலயம், அலுவலக அறை ஒரு வலயம் என்றாற்போல. சிறிய தலைமைப் பெட்டியில் எட்டு வலயங்களுக்கு இடம் இருக்கும். பள்ளியிலே புதிய மாடி எழுந்தால் அவ்வெட்டுப் போதாது. நம் சீனன்குடாப் பக்கத்திலே இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட காலத்து எண்ணெய்த் தொட்டிகள் 99 உள்ளன. அவை ஒவ்வொன்றையும் தனித்தனி வலயமாகக் காக்க வேண்டுமாயின், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சோடிக் கம்பியைக் காட்டின் ஊடாகத் தலைமை அறைவரை இழுப்பது எங்ஙனம் கூடும்? அதற்காகவே இந்தப் பலகை. எட்டு வலயங்களைத் தன் பக்கத்தில் திரட்டிக்கொண்டு, நான்கே கம்பிகளின் வழியே அவற்றின் செய்தியைத் தலைமைப் பெட்டிக்கு அனுப்பும். நான்கனுள் இரண்டு மின்சாரம் கொண்டு செல்வன. மற்றை இரண்டும் பேச்சுக் கம்பிகள்.

பேச்சுக் கம்பிகளைப் பல பலகைகளும் பொதுவில் பயன்படுத்தும். அப்படியாயின் பேச்சுக் குழம்பாதோ? குழம்பாமைக்கு வகுப்பறையிலே நாம் கையாளும் முறையே இங்கும் உண்டு. ஆசிரியர் இடாப்பைத் திறந்து எண்ணைச் சொல்வார். அவ்வெண்ணுக்குரிய மாணவன் மட்டும் 'உள்ளேன் ஐயா' என்பான். தலைமைப் பெட்டியும் இடைவிடாது ஒவ்வொரு பலகையையும் எண் சொல்லி அழைக்கும். பலகை விடை சொல்லும். விடை வரவில்லையாயின், அந்தப் பலகையைக் காணவில்லை என்று பெட்டி முறையிடும். மாணவனின் வரவின்மையை மௌனத்தால் அறிவதுபோல, பலகையின் கேட்டையும் அதன் மௌனத்தால் அறிகின்றோம்.

இதிலே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஒரே எண் இருவருக்கு இருக்கலாகாது. பலகையிலுள்ள சிறு ஆளிகளை மேலும் கீழும் தள்ளி அதன் எண்ணை அமைப்பார்கள். புதிய பலகை கடையிலிருந்து வரும்பொழுது எந்த எண்ணில் இருந்ததோ அப்படியே மாட்டிவிட்டால், பழைய பலகையும் புதியதும் ஒரே அழைப்புக்கு விடை சொல்லும். இரண்டின் சொல்லும் விளங்காது. மற்றொன்று, பலகையின் எண்ணே அதன் வலயங்களின் எண்ணையும் தீர்மானிப்பது வழக்கம். முதற்பலகை 9 முதல் 16 வரை, அடுத்தது 17 முதல் 24 வரை என்று வரிசை செல்லும். ஆளி ஒன்று இடம் மாறினால், விஞ்ஞானகூடத்துச் சன்னல் உடைந்தபொழுது நூலகம் என்று பெட்டி சொல்லும். காவலாளர் நூலகத்துக்கு ஓடுவார். கள்வர் மறுபக்கம் போவார்.

அடுத்தது மின்சாரக் கணக்கு. இதனைப் பலர் போடுவதில்லை. புதிய கட்டடம் 100 மீட்டர் தொலைவில் இருக்கின்றது என்போம். அங்குள்ள பலகையும் உணரிகளும் சேர்ந்து 200 மில்லி அம்பியர் மின்னோட்டம் எடுக்கின்றன என்போம். வழக்கமாக இழுக்கும் மெல்லிய செப்புக் கம்பி 0.22 சதுர மில்லிமீட்டர் பருமன் உடையது. 100 மீட்டருக்கு அதன் தடை ஏறத்தாழ 8 ஓம். மின்சாரம் போகவும் வரவும் வேண்டுமாதலின் 16 ஓம். 0.2 அம்பியரை 16 ஓமால் பெருக்கினால் 3.2 வோல்ட்டு. அத்தனையும் வழியிலே கரைந்துபோகும். பொது மின்சாரம் இருக்கையில் பெட்டி 13.8 வோல்ட்டு கொடுக்கும், தொலைவிலே 10.6 வந்து சேரும். உணரிகள் வேலை செய்யும். மின்சாரம் நின்று மின்கல அடுக்கு 12 வோல்ட்டுக்கு இறங்கினால், அங்கே சென்றடைவது 8.8 மட்டுமே. பல உணரிகளுக்கு அது போதாது. சில பொய்யாக அலறும். சில மதிமயங்கி நிற்கும்.

பொருத்திய அன்று பகலிலே சோதித்தால் எல்லாம் சரியாக இருந்ததே என்பார்கள். ஆம், பகலிலே சரி. மின்சாரம் நின்ற இருட்டிலேதான் அது பிழைக்கும். நமக்குக் காவல் வேண்டியதும் அந்த இருட்டிலேதான். 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாக இருப்பின் இழப்பு 1.4 வோல்ட்டு அளவில் நின்றுவிடும். அல்லது தொலைவிலே தனி மின்வழங்கி ஒன்றை வைத்து, இரண்டின் எதிர் முனைகளையும் ஒன்றாக இணைக்கவேண்டும்; இணைக்காவிடின் பேச்சுக் கம்பிகளின் செய்தி ஒன்றற்கொன்று விளங்காது. மின்கல அடுக்கின் கணக்கும் இதனோடு சேர்ந்ததே. 7 அம்பியர் மணி கொள்ளும் அடுக்கிலிருந்து 350 மில்லி அம்பியர் எடுத்தால் ஏட்டுக் கணக்கின்படி 20 மணி நேரம். 700 எடுத்தால் 10 மணி நேரம். பழைய அடுக்காயின் இன்னும் குறைவு. வலயங்களைப் பெருக்கினோர் அடுக்கையும் பெருக்கவேண்டும்.

கம்பி வேலை முடிந்தபின், ஒவ்வொரு வலயத்துக்கும் அதன் இயல்பைப் பெட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும். நாம் உள்ளே வந்து மணியை ஓயவைக்க அரை நிமிடம் பொறுக்கும் வாயில் வலயம் ஒன்று. பொறாது உடனே ஒலிக்கும் வலயம் ஒன்று. மணி ஓய்ந்திருக்கும் பகலிலும் இரவிலும் எந்நேரமும் விழித்திருக்கும் வலயம் ஒன்று. இதனை யான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விடுதியிலே பிள்ளைகள் உறங்குகின்றார்கள். அவர்கள் இரவிலே எழுந்து நடமாடுவார்களாதலின், அங்கே திருடனுக்கான மணியை ஓயவைத்திருப்பார்கள். அவ்விடத்துப் புகை உணரியைச் சாதாரண வலயமாக அமைத்திருந்தால், மணி ஓய்ந்திருக்கையில் அதுவும் ஓய்ந்திருக்கும். கட்டிலுக்கு மேலே உணரி இருக்கும். அதன் சிறு விளக்கு மின்னும். பெற்றோர் பார்த்து மகிழ்வர். புகை வந்தாலோ ஒலி வராது. ஓர் இலக்கத்தை மாற்றி அழுத்துவதால் நேரும் பிழை இது. அதன் விலை உயிர்.

2004 ஜூலை 16ஆம் நாள் தமிழ்நாட்டிலே கும்பகோணத்துப் பள்ளியொன்றில் தீப்பற்றி 94 பிள்ளைகள் மாண்டனர். சமையற்கூடத்தில் தோன்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. அங்கே குறைபாடுகள் பல. மணி ஒன்று இருந்திருந்தால் மட்டும் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும் என்று யான் சொல்லவில்லை. எனினும் தீயிலே ஒவ்வொரு நிமிடமும் பிள்ளைகளின் நிமிடம் என்பதை எந்த ஆசிரியராலும் மறக்கவியலாது.

இனி, உணரி உணர்ந்தது, கம்பியும் சொன்னது, கேட்பவர் எவர் என்ற வினா எழுகின்றது. நம் துறைமுகத்தின் வரலாறே இதற்கு விடை தரும். 1942 ஏப்ரல் 4ஆம் நாள், லெனார்ட் பேர்ச்சால் என்னும் கனேடிய விமானி ஜப்பானியக் கப்பற்படையை இலங்கைக்குத் தெற்கே கண்டு வானொலியால் செய்தி அனுப்பினார். செய்தி வந்திருந்தும், மறுநாட் காலை கொழும்பைத் தாக்க விமானங்கள் வந்தபொழுது, இரத்மலானைத் தளத்துப் போர்விமானங்கள் தரையிலே நின்றன. நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையைத் தாக்க வந்த விமானங்களை இங்கிருந்த ரேடார் நிலையம் ஏறத்தாழ 90 மைல் தொலைவிலேயே கண்டுகொண்டது. அச்செய்தி உரியவரிடம் சென்றது. சீனன்குடாவிலிருந்து விமானங்கள் எழும்பி எதிர்கொண்டன. சேதம் பெரிதுதான், எனினும் உறக்கத்திலே வந்த சேதம் அன்று அது.

அதே ஆண்டு மே 31ஆம் நாள் இரவு ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தில் நடந்ததையும் கேளுங்கள். நீர்மூழ்கி கடந்தால் அறிவிக்கும் கம்பி வளையங்களை அத்துறைமுகத்தின் கடலடியில் இட்டிருந்தார்கள். கப்பலின் இரும்பு மேலே செல்ல, கம்பியிலே ஒரு மெல்லிய மின்னோட்டம் பிறந்து கருவி முள்ளை அசைக்கும். வெளிப்புற வளையங்கள் ஆறும் அன்று இயங்கவில்லை; சில பழுது, மேலும் பார்க்கப் பயின்ற ஆள் போதாமை. வாயில் வளையமோ நெடுநாளாகப் பிழையான குறிகளைக் காட்டிவந்தமையால், அதன் சொல்லுக்கு மதிப்புக் குன்றியிருந்தது. ஜப்பானியச் சிறு நீர்மூழ்கி ஒன்று கடந்தபொழுது முள் அசைந்தது. படகுப் போக்குவரத்து என்று விட்டுவிட்டார்கள். விடியுமுன் குட்டபுல் என்னும் கப்பலில் 21 கடற்படையினர் இறந்தனர். பொய்யாகப் பலமுறை ஒலித்த காவல், மெய்யாக ஒலிக்கும் நாளில் கேட்பாரற்றுப் போகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பொய் ஒலிக்கு நம் வீடுகளிலும் காரணம் உண்டு. உடல்வெப்பத்தை உணரும் கருவியின் முகத்திலே பல்லி ஒன்று ஊர்ந்தால், அதற்கு அஃது ஆளாகத் தோன்றக்கூடும். பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பல்லியால் எழுந்த மணிக்கும் பலன் பார்க்கவேண்டும். அப்பலன், கருவியின் துளைகளை அடைத்து, சிலந்தி வலையைத் துடைத்து, வேண்டுமாயின் இடத்தை மாற்றுவது. ஆனால் நடப்பது வேறு. தொல்லை தரும் வலயத்தை அன்றிரவுக்கு மட்டும் விலக்கி வைப்பார்கள். அன்றிரவு ஒரு மாதமாகும், மாதம் ஆண்டாகும். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். ஐயத்துக்குரிய இடத்தில் இரண்டாவது உணரி ஒன்றை வையுங்கள். முதலாவதின் வாயைக் கட்டாதீர்கள்.

இந்த நியாயம் ஓர் அறைக்கும் ஒக்கும், ஒரு கடலுக்கும் ஒக்கும். 2004 டிசம்பர் 26 அன்று, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்த பின் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்தே ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அடைந்தது. இரண்டு மணி நேரம்! நடந்தே உள்நாட்டுக்குச் சென்றிருக்கலாம். ஆனால் இந்து சமுத்திரம் அன்று உணரியற்ற வீடாக இருந்தது. நம் நாட்டில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடல் அமைதியாக இருந்தது, அவ்வமைதியை நம்பினோம்.

அதன் பின்னர் அந்த வீட்டுக்குக் காவல் மணி பொருத்தினார்கள். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் அனர்த்த முகாமைத்துவ ஏற்பாடுகள் நம் நாட்டில் அமைந்தன. ஆழ்கடலில் அழுத்தம் அளக்கும் மிதவைகளும் கரையிலே கடல்மட்டம் அளக்கும் நிலையங்களும் எழுந்தன. திருகோணமலையிலும் அத்தகைய கடல்மட்ட நிலையம் ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வலயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒன்று மௌனமானால் அம்மௌனமும் செய்தி. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபொழுது எச்சரிக்கை விடுக்கப்பட்டது, கரையோர மக்கள் மேட்டு நிலம் சென்றனர், பேரலை வரவில்லை. வீண் ஓட்டம் என்று சிலர் சலித்துக்கொண்டனர். அஃது வீண் அன்று. கம்பியும் காலும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த சோதனை என்றே அதனைக் கொள்ளவேண்டும்.

பொறுப்பாளராய் உள்ள நேயர்கள் நாளையே செய்யக்கூடியவை சிலவற்றைக் கூறி முடிக்கின்றேன். காவல் மணி பொருத்தியவரை அழைத்து, ஈற்றுத் தடை எங்கே இருக்கின்றது என்று கேளுங்கள். ஓர் உணரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வலயத்தையும் ஒருவர் நடந்து காட்ட, மற்றொருவர் பெட்டியின் முன் நின்று சரியான பெயர் வருகின்றதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பொது மின்சாரத்தை நிறுத்திச் சில மணி நேரம் விட்டு, அதன் பின் தொலைவிலுள்ள உணரியைச் சோதியுங்கள். புகை உணரியை மணி ஓய்ந்திருக்கும் வேளையிலே சோதியுங்கள். ஒரு விரிவுப் பலகையின் பேச்சுக் கம்பியைக் கழற்றி, தலைமைப் பெட்டி முறையிடுகின்றதா என்று பாருங்கள். கடையிலிருந்து வந்த இரகசிய இலக்கம் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். வலயங்களின் பட்டியலை எழுதிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். விலக்கி வைத்த வலயங்களுக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். விலக்கியவர் பெயரும் திரும்பச் சேர்க்கும் நாளும் அதில் இருக்கட்டும். நள்ளிரவில் மணி ஒலித்தால் வரவேண்டியவர் எவர் என்பதையும், அவர் வெளியூர் சென்றால் அடுத்தவர் எவர் என்பதையும் அதே ஏட்டில் எழுதுங்கள்.

நேயர்களே, இவற்றுள் பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஒரு பிற்பகற் பொழுதும், ஓர் ஏணியும், கேட்கும் துணிவும் போதும். பத்து மாதமாக மணி ஒலிக்கவே இல்லை என்று எவரேனும் பெருமையாகச் சொன்னால், அதனைக் கேட்டு மகிழுமுன், கடைசியாக எப்பொழுது சோதித்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அந்த அமைதியை நம்ப வேண்டாம்.